பட்டனை அழுத்தக் கற்றால் போதுமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பிளஸ் டூ முடித்த கையோடு அனிமேஷன், சினிமாவுக்குக் கணினியில் காட்சி ஜாலம் செய்யும் விஎஃப்எக்ஸ்தான் படிப்பேன் என்று என் மகள் ஒற்றைக்காலில் நின்றாள், சரி, ஆசைப்படுகிறாளே என்று கடன் வாங்கி ஒரு தனியார் பயிற்சி மையத்தில் சேர்த்தேன். ஒரு வருடம் முழுக்க எந்த மென்பொருளில் எந்தப் பட்டனை அழுத்துவது என்பதுதான் பாடம். ஓவியம் கிடையாது, கேமரா, லைட்டிங் பற்றி ஒரு வகுப்புகூடக் கிடையாது.

இப்போது ரோட்டோஸ்கோப்பிங் வேலை பார்க்கிறாள். நடிகரைப் பின்னணியிலிருந்து பிரித்தெடுக்க உருவத்தைச் சுற்றிக் கோடு போட வேண்டும். விநாடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனித்தனிப் படங்கள், ஐந்து விநாடிக் காட்சிக்கே 120. காற்றில் முடி பறந்தால் அவ்வளவுதான், ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் கண்ணைக் கசக்கிக்கொண்டு அதே கற்றையோடு உட்கார்ந்திருப்பாள். தனித்தனியாக எடுத்ததை ஒரே காட்சியாக இணைக்கும் கம்பாசிட்டிங்குக்குப் போகலாமே என்றால், வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது, எந்த லென்ஸில் எடுத்தது என்று கேட்கிறார்களாம்.

சென்னை தரமணியில் உள்ள அரசு எம்.ஜி.ஆர். திரைப்படப் பயிற்சி நிறுவனத்தில் இதற்கு நான்காண்டுப் பட்டப்படிப்பே இருக்கிறது. ஒளிப்பதிவும் படத்தொகுப்பும் அதே வளாகத்தில் கற்பிக்கிறார்கள். இது எனக்குத் தெரிந்தபோது மகளின் படிப்பு முடிந்திருந்தது, அப்புறம் தெரிந்து என்ன பயன்? இந்தப் படிப்பைப் பற்றி அரசுப் பள்ளிகளில் பிளஸ் டூ மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும், மதுரை, கோவையிலும் அரசே இதைத் தொடங்க வேண்டும்.

ஒரு தந்தை,
திண்டுக்கல்