அடிவாரத்துல கூட நின்ன எல்லாருக்கும்

எல்லாருக்கும் வணக்கம். இதை ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சிட்டே இருந்தேன், தனித்தனியா போன் பண்ணி சொல்லலாம்னா பாதியிலயே தொண்டை அடைச்சிக்குது, அதனால பொதுவாவே எழுதிடுறேன். அப்பா போனதுக்கு அப்புறம் நான் எப்படி இருந்தேன்னு உங்கள்ல சில பேருக்கு முழுசா தெரியும், சில பேருக்கு அரைகுறையா தெரியும், ஒண்ணுமே தெரியாம உதவி பண்ணவங்களும் இருக்கீங்க, அவங்களுக்கும் சேத்துதான் இந்த மடல்.

எனக்கு மலைன்னா உயிர், அதனாலயோ என்னவோ அந்த நாட்களை நினைச்சாலே பள்ளத்தாக்குதான் கண்ணு முன்னாடி வருது. வாழ்க்கையில ஏத்த இறக்கம் சகஜம்னு சொல்வாங்களே, அந்த அர்த்தத்துல சொல்லல. பள்ளத்தாக்கோட அடியில நிஜமாவே நடக்குற ஒரு விஷயம் இருக்கு. தெளிவான ராத்திரில தரை தன்னோட சூட்டை வானத்துக்கு விட்டுடும், தரையை ஒட்டியிருக்குற காத்து குளுந்து கனமாகி, சரிவு வழியா மெதுவா வழிஞ்சு வந்து அடியில தேங்கிடும். பொதுவா மேல போகப் போகத்தான குளிரணும், அந்த ராத்திரில அப்படியே தலைகீழ், அடியிலதான் குளிர் ஜாஸ்தி, சரிவுல கொஞ்சம் மேல ஏறினா வெதுவெதுப்பா ஒரு இடம் இருக்கும். விடிஞ்சு மேல மலையெல்லாம் வெயில்ல குளிச்சிட்டு இருக்கும்போதும் கீழ மூடுபனி கலையாம அப்படியே நிக்கும்.

என் நிலைமை அதேதான். வெளியில எல்லாம் நல்லாத்தான் நடந்துட்டு இருந்துச்சு, எல்லாரும் சிரிச்சாங்க, வேலைக்கு போனாங்க, எனக்கு மட்டும் பகல்லயே இருட்டு. இவ்ளோ வெளிச்சம் இருக்கே உனக்கு என்னதான் பிரச்சனைன்னு கேட்டவங்க மேல எனக்கு கோவம் இல்ல, அவங்க நின்ன இடத்துலேருந்து பாத்தா நிஜமாவே வெயில்தான். ஆனா உங்கள்ல யாரும் அப்படி கேக்கல, அதுதான் எனக்கு கிடைச்ச பெரிய விஷயம்.

அக்கா, முதல்ல உனக்கு. நீ ஒரு நாளும் என்னை சந்தோஷமா இருன்னு சொல்லல. ஜன்னலை திற, குளிச்சிட்டு வா, செருப்பை மாட்டு தெருமுனை வரைக்கும் போயிட்டு வரலாம், இவ்ளோதான் சொன்ன. சிகரத்துக்கு ஏறி வான்னு கூப்பிட்டிருந்தா நான் போர்வையை இழுத்து மூடிட்டு திரும்பி படுத்திருப்பேன். அந்த குளிர் தேங்கின இடத்தை விட்டு நாலு அடி மேல ஏறினா போதும்னு உனக்கு யாரு சொல்லிக் குடுத்தாங்கன்னு தெரியல. அப்புறம் கவுன்சிலர் மேடம் சொன்னாங்க, மனச்சோர்வுக்கு இது ஒரு சிகிச்சை முறையே, மனசு சரியான பிறகு வேலை செய்யலாம்னு காத்திருக்காம சின்னச் சின்ன வேலைய முதல்ல செய்யணும், மனசு பின்னாடி வரும்னு. நீ எந்த படிப்பும் படிக்காம அதை பண்ணிட்டு இருந்திருக்க.

நார்வேல ர்யுகான்னு ஒரு ஊர் இருக்கு, நான் போனதில்ல, படிச்சதுதான். ஆழமான பள்ளத்தாக்குக்குள்ள இருக்குற ஊர், செப்டம்பர் கடைசியிலேருந்து மார்ச் வரைக்கும் சூரியன் மலைக்கு பின்னாடியே போயிடும், ஊருக்குள்ள நேரடியா வெயிலே விழாது. 1928ல அங்க ஒரு ரோப் கார் கட்டினாங்க, ஜனங்க குளிர்காலத்துல மேல போய் வெயிலை பாத்துட்டு வரட்டும்னு. அப்புறம் 2013ல, ஊருக்கு மேல சுமார் 450 மீட்டர் உயரத்துல மூணு பெரிய கண்ணாடிய நிறுத்தினாங்க, அது சூரியன் நகர நகர தானா திரும்பி கீழ ஊர் சதுக்கத்துல வெயிலை கொண்டு வந்து போடும். இந்த கண்ணாடி யோசனை 1913லயே அந்த ஊர்ல பேசப்பட்டதுதான், செஞ்சு முடிக்க நூறு வருஷம் ஆச்சு.

இதை படிச்சப்போ அழுதுட்டேன், ஏன்னா எனக்கு உதவி பண்ணவங்க ரெண்டு விதமும் இருக்கீங்க. கையை பிடிச்சு மேல கூட்டிட்டு போனவங்க ஒரு பக்கம். என்னால எழுந்து வரவே முடியாதுன்னு புரிஞ்சிட்டு, நான் கிடந்த இடத்துக்கே வெளிச்சத்தை திருப்பி விட்டவங்க இன்னொரு பக்கம்.

டேய், காலேஜ்லேருந்து கூட இருக்குறவனே, நீ ரெண்டாவது வகை. தினமும் காலைல ஒரு மெசேஜ், அதுல கேள்வியே இருக்காது, ஏன்னா கேள்வி இருந்தா பதில் சொல்லணும்ல. நான் வரும்போது மேகம் யானை மாதிரி இருந்துச்சு, எங்க மாடிக்கு புதுசா ஒரு பூனை வந்திருக்கு, இப்படி. பதில் வரல, ப்ளூ டிக் கூட வரல, ஆனா நீ நிறுத்தல. அந்த பூனை குட்டி போட்ட அன்னைக்குத்தான் நான் முதல் தடவையா பதில் போட்டேன், ஞாபகம் இருக்கா?

டாக்டர் மேடம், உங்களுக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. துக்கம் வேற, மனச்சோர்வு வேற, ரெண்டும் ஒண்ணா வரலாம், உங்களுக்கு இப்போ ரெண்டும் இருக்குன்னு நேரா சொன்னீங்க, அப்பதான் நான் சோம்பேறி இல்ல, இது ஒரு நோய்னு எனக்கே புரிஞ்சது. மருந்து இன்னைக்கு போட்டா நாளைக்கே கேக்காது, சில வாரம் ஆகும், நல்லா இருக்குற மாதிரி தெரிஞ்சாலும் நீங்களா நிறுத்தக்கூடாதுன்னு நீங்க முன்னாடியே சொல்லலைன்னா நான் முதல் வாரத்துலயே தூக்கி போட்டிருப்பேன்.

கவுன்சிலர் மேடம், ஒரு மாசம் நல்லா இருந்துட்டு அப்பாவோட பழைய மூக்கு கண்ணாடிய பாத்த அன்னைக்கு மறுபடி விழுந்துட்டேன்னு அழுதேன்ல. துக்கம் படிக்கட்டு இல்ல, மலைப்பாதைன்னு சொன்னீங்க. துக்கத்துக்கு அஞ்சு கட்டம் இருக்குன்னு எல்லாரும் சொல்றாங்களே, அது எலிசபெத் கூப்ளர் ராஸ்ங்கிற மனநல மருத்துவர் 1969ல சாவை எதிர்நோக்கி இருந்த நோயாளிகள்கிட்ட பேசிட்டு எழுதினது, எல்லாருக்கும் அந்த வரிசையிலதான் வரணும்னு ஒண்ணும் இல்லைன்னு விளக்குனீங்க. செங்குத்தான சரிவுல பாதை நேரா போகாது, கொண்டை ஊசி வளைவா வளைஞ்சு வளைஞ்சுதான் போகும், அப்போ வந்த பக்கமே திரும்பி போற மாதிரி இருக்கும் ஆனா உயரம் கூடிட்டுத்தான் இருக்கும்னு நீங்க பேப்பர்ல வரைஞ்சு காட்டுனீங்க. அந்த பேப்பர் என் பர்ஸ்ல இருக்கு.

ஆபீஸ்ல என் சார், காரணம் கேக்காம லீவு குடுத்தீங்க, திரும்பி வந்தப்போ எல்லார் முன்னாடியும் விசாரிக்காம சாதாரணமா ஒரு சின்ன வேலைய கையில குடுத்தீங்க, நன்றி சார்.

ஒண்ணு மட்டும் சொல்லிடுறேன். எல்லாம் நல்லதுக்குத்தான், இந்த கஷ்டம் உன்னை பக்குவப்படுத்திடுச்சுன்னு இப்போ சில பேர் சொல்றாங்க. பள்ளத்தாக்குல வெள்ளம் வண்டலை கொண்டு வந்து போடும், அதுல நல்லா விளையும், உண்மைதான். அதுக்காக வெள்ளத்துக்கு என்னால நன்றி சொல்ல முடியாது. அப்பா இருந்திருந்தா பக்குவமே இல்லாம நான் சந்தோஷமா இருந்திருப்பேன். என் நன்றி மொத்தமும் வெள்ளத்துல கயிறு போட்ட உங்களுக்குத்தான்.

இப்போ எப்படி இருக்கேன்னா, தூக்கம் வருது, சாப்பாட்டுக்கு ருசி தெரியுது, அப்பாவ பத்தி பேசினா அழுகையோட சிரிப்பும் வருது. மருந்து இன்னும் ஓடிட்டு இருக்கு, குறைக்கிறது டாக்டர் சொல்றப்போதான். நீங்க அனுப்பி நான் திறக்காம விட்ட மெசேஜ் எல்லாத்தையும் பழசுலேருந்து வரிசையா படிச்சு பதில் போட்டுட்டு வர்றேன், சிலதுக்கு ஒரு வரி, சிலதுக்கு ரெண்டு பக்கம். உங்க முறை வரும், கொஞ்சம் பொறுத்துக்கோங்க.