எனக்கு சங்கரா கிடையாது

காலடிப்பேட்டை,
12.10.2025, ஞாயிறு

அன்புள்ள ஸ்டெல்லா,

மார்ச்சில் நீ கலிபோர்னியாவிலிருந்து எழுதியதற்கு அக்டோபரில் பதில் போடுகிறேன். திட்டுவதை இப்போதே திட்டி முடித்துவிடு, மேலே படிக்க சௌகரியமாக இருக்கும். அம்மாவுக்கு மூட்டு வலி பழையபடி. பையன் பிளஸ் ஒன் வந்துவிட்டான், என்னைவிட உயரம். இவர் நலம். உங்கள் பழைய வீட்டை இடித்து மூன்று மாடி கட்டிவிட்டார்கள். முருங்கை மரம் போய்விட்டது. நலம் விசாரிப்பு அவ்வளவுதான்.

இன்றைக்கு உட்கார்ந்து எழுதுவதற்குக் காரணம் ஒரு மீன். முத்துலட்சுமி அக்கா எனக்கு சங்கரா கொடுப்பதை நிறுத்தி ஏழு வாரம் ஆகிறது. விடியற்காலையில் காசிமேட்டில் கூடை எடுத்து வந்து தேரடிப் பக்கம் உட்காருவார் இல்லையா, ஞாயிறு என்றால் எனக்கென்று அரைக் கிலோ ஒரு கவரில் தனியாக இருக்கும். பன்னிரண்டு வருடப் பழக்கம். இப்போது போய் நின்றால் "தீந்துபோச்சும்மா" என்கிறார். கண் முன்னால் நாலு கிலோ கண் சிவந்து என்னையே பார்த்துக்கொண்டு கிடக்கிறது.

அக்காவின் மகள் கௌசல்யாவை நீ பார்த்ததில்லை. தரமணியில் நம்ம பெண்கள் பாலிடெக்னிக்கில்தான் கம்ப்யூட்டர் டிப்ளமோ படித்தாள், இந்த வருடம் முடித்தாள். நாம் 1997இல் கும்மிடிப்பூண்டி ரயிலில் தொங்கி, பீச்சில் இறங்கி, அப்போதுதான் மயிலாப்பூர் வரைக்கும் வந்திருந்த பறக்கும் ரயிலைப் பிடித்து, அங்கிருந்து பஸ்ஸில் நசுங்கிப் போவோமே, இவளுக்குத் தரமணி ஸ்டேஷன் வரைக்கும் ரயில் இருக்கிறதே என்று பொறாமைப்பட்டேன். பட்ட கண்ணேறுதானோ என்னவோ, இரண்டாம் வருடம் தொடங்கிய கையோடு 2023 ஆகஸ்டில் நாலாவது பாதை போடுவதற்காக பீச்சுக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் நடுவில் பறக்கும் ரயிலை நிறுத்திவிட்டார்கள். பதினாலு மாதம். பீச்சில் இறங்கி, பஸ் பிடித்து சிந்தாதிரிப்பேட்டைக்குப் போய், மறுபடி ரயில். காலை ஐந்தே முக்காலுக்குத் தெரு முனையில் அவளைப் பார்ப்பேன், தலை ஈரமாகவே இருக்கும்.

அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வந்தது. 2022 செப்டம்பர் 5ஆம் தேதி பிராட்வேயில் பாரதி மகளிர் கல்லூரியில் தொடங்கி வைத்தார்களே, அது. முன்பு மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் கல்யாணத்துக்குப் பணமும் தாலிக்குத் தங்கமும் கொடுத்தார்கள் இல்லையா, அதைத்தான் படிப்புக்கு என்று மாற்றியிருக்கிறார்கள். கேட்டதும் உன்னை நினைத்துக்கொண்டேன். ஏன் என்று உனக்குத் தெரியும். 2001ஐப் பற்றி நாம் பேசுவதில்லை என்று ஒப்பந்தம், அதனால் அடுத்த பத்திக்குப் போகிறேன்.

விஷயம் இதுதான். டிப்ளமோ முடிக்கும்போதே ஓஎம்ஆரில் ஒரு கம்பெனி அவளை எடுத்துக்கொண்டது. டிரெய்னி, கையில் 15,500. அதே சமயம் லேட்டரல் என்ட்ரி கவுன்சிலிங்கில் பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டாம் வருடத்தில் நேராக இடம் கிடைத்தது. கல்லூரி பூந்தமல்லிக்கும் அந்தப் பக்கம். வேலையா, இன்னும் மூன்று வருடம் படிப்பா? கடிதத்தையும் அலாட்மென்ட் தாளையும் எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். தெருவிலேயே கம்ப்யூட்டரில் வேலை செய்கிற பொம்பளை நான்தான், கேட்க வேறு யார் இருக்கிறார்கள்?

யோசிக்கவே இல்லை ஸ்டெல்லா. "படி" என்றேன். டீ கூட ஆறவில்லை.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று உனக்காவது சொல்ல வேண்டும். மண்ணடி ஷிப்பிங் ஆபீசில் டேட்டா என்ட்ரி, தபால் வழியில் பிசிஏ, அப்புறம் கான்ட்ராக்டில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் என்று நான் ஏறிய ஏணி உனக்குத் தெரியும். தெரியாதது ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு கம்பெனிக்கும் விண்ணப்பம் போடும்போது ஒரு கட்டம் வரும், 'பிளஸ் டூ மதிப்பெண்'. நாம்தான் பத்தாவதோடு டிப்ளமோவுக்குப் போனவர்கள், எங்கே போய் பிளஸ் டூவுக்கு? காலியாக விட்டால் அடுத்த பக்கம் போகாது. பூஜ்யம் போட்டால் 'தகுதியில்லை' என்று வரும். ஒரு தடவை டிப்ளமோ மார்க்கை அந்தக் கட்டத்தில் போட்டு, இன்டர்வியூ மூன்று சுற்றும் தாண்டி, கடைசியில் சான்றிதழ் சரிபார்க்கும் இடத்தில் ஒரு சின்னப் பெண் "பொய்த் தகவல் கொடுத்திருக்கீங்க மேடம்" என்றாள். கம்பெனி பேரைச் சொல்ல மாட்டேன். அன்றைக்கு மத்திய கைலாஷ் பஸ் ஸ்டாப்பில் மூன்று பஸ்ஸை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை, இவரிடம்கூட.

ஆக, கௌசல்யாவுக்குச் சொன்ன பதில் அந்தக் கட்டத்துக்குச் சொன்ன பதில். பி.இ. ரெகுலர் என்று ஒரு காகிதம் கையில் இருந்தால் அந்தச் சின்னப் பெண் வாயைத் திறக்க மாட்டாள் என்று ஒரு கணக்கு. இதெல்லாம் இப்போதுதான் தோன்றுகிறது.

அவளும் வேலையை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். அன்று சாயங்காலமே முத்துலட்சுமி அக்கா வந்தார். செதில் ஒட்டிய கையோடு வாசலில் நின்றே கேட்டார். "மாசம் பதினஞ்சாயிரத்து ஐந்நூறு. மூணு வருசத்துக்கு அஞ்சு லட்சத்து ஐம்பத்தெட்டாயிரம். பஸ்சு, சோறு, பரீட்சை பீசு நான் இன்னும் சேக்கல. நீ குடுப்பியா?" நான் போனை எடுத்துப் பெருக்கிப் பார்த்தேன், ஒரு ரூபாய் பிசகில்லை. அப்புறம் இன்னொன்று கேட்டார் பார், அதற்குத்தான் இன்றுவரை பதில் இல்லை. "உன்ன மாதிரிதான வேலைக்குப் போறேன்னுச்சு. உனக்கு இன்னா கெட்டுப்போச்சு இப்போ? வீடு இல்லியா, வண்டி இல்லியா?"

முதல் பட்டதாரி சலுகை இருக்கிறது அக்கா, கட்டணம் குறையும் என்றேன். அதற்கும் நான்தான் இ-சேவை மையத்துக்கு மூன்று தடவை கூட்டிக்கொண்டு அலைந்தேன். தம்பியும் நாளைக்குப் படிக்கப் போவான், அந்தச் சலுகையை அக்காவே எடுத்துக்கொண்டால் அவனுக்குக் கிடையாதே என்று மாமியார்க் கிழவி ஒரு குண்டைப் போட்டார். அந்த வீட்டில் இரண்டு நாள் சண்டை. இதற்கெல்லாம் மூலகாரணம் என்று என் பெயர் இப்போது தேரடி முழுக்கப் பிரசித்தம்.

சரி, இதோடு போயிருந்தால் மீன்தானே, வேறு ஆளிடம் வாங்கிக்கொள்ளலாம். எனக்குத் தூக்கம் வராததற்கு வேறு காரணம். எங்கள் டீமில் பதினோரு பேர் இருந்தோம். இப்போது ஆறு. சாஃப்ட்வேரில் எதை எதைச் சோதிக்க வேண்டும் என்று நாங்கள் ஒரு வாரம் உட்கார்ந்து எழுதுகிற டெஸ்ட் கேஸ்களை ஏஐ சாப்பிடப் போவதற்குள் எழுதி வைத்துவிடுகிறது. பாதி தப்பாகத்தான் இருக்கும், ஆனால் தப்பைத் திருத்த ஆறு பேர் போதும் என்று மேலே முடிவு செய்துவிட்டார்கள். போனவர்களில் மூன்று பேர் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாதவர்கள். ஏணியில் நான் ஏறிய முதல் படி அதுதான் ஸ்டெல்லா. 2028இல் கௌசல்யா வெளியே வரும்போது அந்தப் படி இருக்குமா? கையில் கிடைத்த 15,500ஐ விட்டுவிட்டு வரச் சொன்னவள் நான். காலையில் மெட்ரோவில் கிண்டி வரைக்கும் இதையே நினைத்துக்கொண்டு போய், போன வாரம் ஆலந்தூரில்தான் சுயநினைவு வந்து இறங்கினேன்.

சிரிக்காதே.

போன புதன்கிழமை கௌசல்யாவே வந்தாள். சந்தோஷமாக இருக்கிறாள் என்று நினைத்தால் முகம் தொங்கிக் கிடக்கிறது. லேட்டரலில் வந்தவர்கள் வகுப்பில் ஆறு பேர், கடைசி இரண்டு பெஞ்ச். மற்றவர்கள் பிளஸ் டூவில் இரண்டு வருடமும் முதல் வருடமும் கணக்கில் ஊறி வந்தவர்கள். இவளுக்கு எடுத்த எடுப்பில் டிஸ்கிரீட் மேத்ஸ். டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், அதாவது கம்ப்யூட்டரில் தகவலை அடுக்கி வைக்கிற முறைகள், நடத்துகிறவர் மரம் என்கிறார், வேர் என்கிறார், மரம் ஏன் தலைகீழாக நிற்கிறது என்று யாரும் கேட்கவில்லையாம், இவளும் கேட்கவில்லை. ஆனால் லேபில் ஜாவா என்றால் மற்ற பிள்ளைகள் இவள் பின்னால்தான் நிற்கிறார்கள். மூன்று வருடம் டிப்ளமோவில் கையால் செய்து பழகியவள் அல்லவா. "லேபுக்கு வேணும், கிளாசுக்கு வேணாம், அப்படிப் பாக்கறாங்க அத்தை" என்றாள்.

அப்போதுதான் உன் மார்ச் மாதக் கடிதத்தைத் தேடி எடுத்தேன். நாற்பத்து மூன்று வயதில் பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடு உட்கார வேண்டியிருக்கிறது, கம்யூனிட்டி காலேஜ் என்று உன் வீட்டுக்காரரின் நண்பர்கள் வீட்டில் சொல்லவே நாக்கு எழவில்லை என்று எழுதியிருந்தாய். அடிப்போடி. தரமணி பாலிடெக்னிக் என்று சொன்னபோது நமக்கு யார் ஆரத்தி எடுத்தார்கள்? இரண்டு வருடம் அங்கே படித்து நேராகப் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம் சேரலாம் என்று நீ எழுதியதைப் படித்தபோதே, இது நம்ம லேட்டரல் என்ட்ரிக்கு அக்கா முறை ஆகிறதே என்றுதான் தோன்றியது. கலிபோர்னியாவில் மட்டும் அப்படி 116 கல்லூரிகள், ஒரு யூனிட் பாடத்துக்கு 46 டாலர் என்று கௌசல்யாவிடம் சொன்னேன். உடனே ரூபாயில் பெருக்கினாள், அம்மா பிள்ளைதான். சில பல்கலைக்கழக வளாகங்களில் பல பாடங்களுக்குச் சேர்க்கை உத்தரவாதம் உண்டு, கம்ப்யூட்டர் சயின்ஸுக்குக் கிடையாது என்று நீ புலம்பியதையும் சொன்னேன். "அங்கயும் நமக்குக் கடைசி பெஞ்சா?" என்றாள்.

வீட்டுக்காரரின் வேலை விசாவோடு ஒட்டிக்கொண்டு வருகிற எச்-4 விசாவில் வேலை செய்ய முடியாமல் எத்தனை வருடம் வீட்டில் உட்கார்ந்திருந்தாய் என்று கேட்டாள். 2015இல் அனுமதி வந்ததாமே, அப்புறம் ஏன் உடனே போகவில்லை என்றும் கேட்டாள். நான் உனக்காகப் பதில் சொல்லவில்லை. நீயே சொல்லு. நீதான் நம் செட்டில் முதல் மார்க். உன் ரெக்கார்டைப் பார்த்து எழுதி பாஸானவள் நான், சம்பளம் வாங்கியதும் நான். இதை ஒரு தடவையாவது எழுதிவிட வேண்டும் என்று நினைத்திருந்தேன், எழுதியாகிவிட்டது.

இன்னொரு சங்கதி. நாம் படித்த கோபால் (COBOL) என்கிற கம்ப்யூட்டர் மொழியை ஏதோ பையன் என்று நினைத்து உங்கப்பா தேடிக்கொண்டு காலேஜ் வாசல் வரைக்கும் வந்தாரே, அவன் இன்னும் உயிரோடுதான் இருக்கிறான். 2020 ஏப்ரலில், கொரோனா சமயம், வேலை போனவர்களுக்குப் பணம் கொடுக்கிற பழைய கம்ப்யூட்டர்கள் திணற, நியூ ஜெர்சி ஆளுநரே கோபால் தெரிந்தவர்கள் உதவிக்கு வரவேண்டும் என்று கேட்டாராம். அந்த மொழிக்கு முன்னோடியை உண்டாக்கியது கிரேஸ் ஹாப்பர் என்கிற பெண் என்பதைக் கௌசல்யா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். மூன்று வருடம் அவனோடு குடும்பம் நடத்தினோம், அவன் தாய்வழி யாரென்று ஒருத்தரும் சொல்லித் தரவில்லை பார்.

இப்போது உனக்கு ஒரு வேலை வைக்கிறேன். உனக்கும் இந்த செமஸ்டர் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ்தானே? கௌசல்யாவுக்கும் அதேதான். உனக்குக் காலை 6 மணி என்றால் அவளுக்கு மாலை 6.30. சனிக்கிழமை என்றால் அவளுக்கு வகுப்பு இல்லை, என் வீட்டு மாடியில் நெட் நன்றாக வருகிறது. ஒரு மணி நேரம் இரண்டு பேரும் உட்காருங்கள். மரம் ஏன் தலைகீழாக நிற்கிறது என்று நீ சொல்லிக் கொடு, ஜாவாவில் நீ மாட்டிக்கொள்கிற இடத்தை அவள் பார்த்துக்கொள்வாள். "கலிபோர்னியா ஸ்டூடன்ட்டா?" என்று கண்ணை விரித்தாள். உன் வயசைச் சொல்லவில்லை. நீயே கேமராவைப் போட்டுக் காட்டிக்கொள்.

நவம்பரில் அவளுக்கு செமஸ்டர் பரீட்சை, அதனால் வரும் சனிக்கிழமையே தொடங்கினால் நல்லது. முடியாது என்றால் உடனே சொல், ஏழு மாதம் எடுத்துக்கொள்ளாதே, அந்த வியாதி எனக்கு மட்டும் போதும்.

இன்று காலை தேரடியில் முத்துலட்சுமி அக்கா கூப்பிட்டார். நெத்திலி கால் கிலோ. முழு விலை வாங்கிக்கொண்டார், கொசுறு போடவில்லை. "சனிக்கிழம வூட்டுக்கு வந்தா அதுக்கு டீ போட்டுக் குடு, ராத்திரி சரியா துன்றதில்ல" என்றார். சங்கரா பக்கம் நான் பார்க்கவே இல்லை.

பையன் டியூஷனுக்கு வண்டிச் சாவி கேட்டு நிற்கிறான், முடிக்கிறேன்.

உன்,
தனம்