கதிருக்கு, லயன் வாங்குவதற்கு முன்னால்

அன்புள்ள கதிர்,

லயன் ஃபிஷ் வாங்கப்போவதாக நீ போனில் சொன்னாய். போனில் பதில் சொன்னால் பாதியிலேயே "சரிம்மா, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மற்ற மீன்களைச் சுத்தம் செய்கிற இறால்களான அந்த இரண்டு க்ளீனர் ஷ்ரிம்ப் இருக்கிற டேங்கில் லயனை விடாதே. லயன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அது அழகான மீன்தான், நம் மன்னார் வளைகுடாவிலும் இருக்கிற மீன்தான். இரண்டும் ஒரே தண்ணீரில் வேண்டாம், அவ்வளவுதான்.

கடலில் சுத்தம் செய்கிற இறாலைப் பெரிய மீன் தின்னாது, அதனால் டேங்கிலும் தின்னாது என்று கடைக்காரர் சொன்னதாகச் சொன்னாய். முதல் பாதி பெரும்பாலும் உண்மை. களவா மீன் ஒரு பாறை ஓரமாக வந்து வாயைத் திறந்துகொண்டு அசையாமல் நிற்கும், இறால் அதன் செவுளுக்குள்ளும் பற்களுக்கு நடுவிலும் ஏறி ஒட்டுண்ணியைப் பொறுக்கித் தின்றுவிட்டு வெளியே வரும். கரீபியன் கடலில் ஒருவகைச் சின்ன இறால், மீன் நெருங்கும்போது மீசையைச் சாட்டை மாதிரி வீசிக் காட்டுகிறது, சுத்தம் செய்துகொள்ள வந்த மீன் உடல் நிறத்தைக் கருமையாக்கிக்கொண்டு நிற்கிறது. இருபது வருடங்களுக்கு மேல் விலங்கியல் பாடம் எடுத்திருக்கிறேன், இதைச் சொல்லும்போதெல்லாம் வகுப்பு அப்படியே அமைதியாகிவிடும். ஆனால் அது அந்த மீனுக்கும் அந்த இறாலுக்கும் அந்த இடத்துக்கும் உள்ள ஏற்பாடு. நாலடி கண்ணாடித் தொட்டியில் கடலில் இருக்கிற அளவு ஒட்டுண்ணியும் கிடையாது, விலகிப் போக இடமும் கிடையாது. பசித்த மீனுக்கு அங்கே இறால் இரைதான். அதிலும் லயனுக்கு இறால் பிடித்த இரை.

லயன் எப்படி வேட்டையாடும் என்று கவனித்திருக்கிறாயா? பக்கத் துடுப்பு இரண்டையும் விசிறி போல விரித்து இரையை மெதுவாக மூலைக்குத் தள்ளும், சில நேரம் வாயிலிருந்து தண்ணீரை இரையின் மேல் ஊதி அதைத் தன் பக்கம் திரும்ப வைக்கும், பிறகு வாயைத் திறந்தால் தண்ணீரோடு இரை உள்ளே போய்விடும். கண் இமைக்கும் நேரம்தான். தன் நீளத்தில் பாதி வரை உள்ள இரையை விழுங்கும், அப்படியென்றால் கடையில் நீ பார்த்த பத்து சென்டிமீட்டர் குட்டிக்கே உன் ஐந்து சென்டிமீட்டர் இறால் எட்டிவிடுகிற அளவுதான். அந்தக் குட்டியும் அப்படியே இருக்காது, முப்பது சென்டிமீட்டரைத் தாண்டி வளரும். நன்றாகத் தீனி போட்டால் இறாலைத் தொடாது என்கிறார்களே, அதையும் நம்பாதே, வயிறு நிறைந்திருக்கிறது என்பதற்காக எதிரில் வந்த இரையை விடுகிற மீன் இல்லை அது. அந்தப் பக்கக் கடலில் இல்லாத லயன் 1985இல் ஃபுளோரிடா கடலில் முதன்முதலாகக் கண்ணில் பட்டது, மீன் தொட்டிகளிலிருந்து போய்ச் சேர்ந்தது என்றே கருதுகிறார்கள், இன்று கரீபியன் முழுக்க இருக்கிறது. பஹாமாஸில் ஐந்து வார ஆய்வில், லயன் விடப்பட்ட சின்னச் சின்னப் பாறைத் திட்டுகளில் புதிதாக வந்து சேரும் உள்ளூர் மீன் குஞ்சுகள் 79 சதவீதம் குறைந்துபோயின. அவ்வளவு தின்கிற மீன்.

சரி, லயன் இல்லாவிட்டால் வேறு என்ன விடலாம் என்று கேட்பாய். இங்கேதான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். வாய் சின்னதா பெரிதா என்று மட்டும் பார்க்கிறார்கள். விழுங்குகிற மீனுக்குத்தான் அந்தக் கணக்கு, லயன், களவா, ஃப்ராக்ஃபிஷ் எல்லாம் அந்த வகை. கிளாத்தியும் பேத்தையும் கடிக்கிற மீன்கள். முழு இறால் வாயில் நுழைய வேண்டும் என்று அவற்றுக்கு இல்லை, காலைக் கடிக்கும், மீசையைக் கடிக்கும், துண்டு துண்டாகத் தின்னும். பெரிய ராஸ் மீன்களும் இப்படித்தான். ஹாக்ஃபிஷ் அளவில் சின்னதாக இருக்கிறதே என்று ஏமாறாதே, பாறை மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்து பாயும், பெப்பர்மின்ட், செக்ஸி ஷ்ரிம்ப் போன்ற சின்ன இறால்கள் அதனிடம் தப்பாது. உன் க்ளீனர்கள் நன்கு வளர்ந்தவை, அவை ஒருவேளை தப்பலாம்.

பாம்பு மாதிரி நீளமான அந்த அஞ்சாலை மீன் வேண்டும் என்று போன வருடம் ஒரு பேச்சு பேசினாய். அதற்குப் பல்லைப் பார்க்க வேண்டும். ஸ்னோஃப்ளேக் வகைக்கு மொட்டையான பற்கள், நண்டையும் இறாலையும் நொறுக்குவதற்கென்றே அமைந்தவை. ஊசிப் பல் உள்ள அஞ்சாலைகள் பெரும்பாலும் மீன் தின்னிகள், கடலில் அவற்றின் வாய்க்குள்தான் க்ளீனர் இறால் சாதாரணமாகப் போய் வரும். கடைக்காரர்கள் ஸ்னோஃப்ளேக்கைத்தான் சாது என்று சொல்லி விற்பார்கள். மற்ற மீன்களுக்கு அது சாதுதான், இறாலுக்கு இல்லை.

எல்லாம் பொருந்தி வந்தாலும் ஒரு ஆபத்து மிச்சம் இருக்கிறது, இறால் சட்டை உரிக்கிற இரவு. சில வாரங்களுக்கு ஒருமுறை உரிக்கும், பெரும்பாலும் விளக்கு அணைந்த பிறகு. காலையில் வெள்ளைத் தோல் கிடப்பதைப் பார்த்து இறால் செத்துவிட்டது என்று நீ அழுதுகொண்டே போன் செய்தாயே, அதுதான். அடுத்த ஒரு நாள் உடம்பு மெத்தென்று இருக்கும், எதிர்த்து நிற்க எதுவும் கிடையாது. மாதக்கணக்கில் சும்மா இருந்த ராஸ்கூட அன்றைக்குத்தான் கை வைக்கும். பாறைகளுக்கு நடுவே பெரிய மீன் நுழைய முடியாத பொந்துகள் இரண்டு மூன்றாவது இருக்க வேண்டும். உன் டேங்கின் படத்தைப் பார்த்தேன், எல்லாப் பாறையும் பின் கண்ணாடியில் ஒட்டி அடுக்கியிருக்கிறாய். அதைக் கலைத்து அடுக்கு.

மருந்தையும் யோசி. பெரிய மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் காப்பர், அதாவது செம்பு கலந்த மருந்து, போடச் சொல்வார்கள். காப்பர் விழுந்த தண்ணீரில் இறால் பிழைக்காது. புதிதாக வாங்குகிற எந்த மீனையும் முதலில் தனித் தொட்டியில் வைத்து, வைத்தியம் எல்லாம் அங்கேயே முடித்துவிட்டு அப்புறம் சேர். எப்போதும் இறால் முன்னால் வந்து இடம் பிடித்திருக்க வேண்டும், மீன் பின்னால் வர வேண்டும். மாற்றிச் செய்தால், மேலிருந்து இறங்குகிற இறாலை மீன் தீனி என்றே நினைக்கும்.

இவ்வளவு வற்புறுத்தக் காரணம் இருக்கிறது. உன் இரண்டு க்ளீனரும் வயிற்றுக்கடியில் பச்சை முட்டை சுமக்கின்றன என்றாயே, இரண்டுமே சுமக்கும், ஆணாகத் தொடங்கி, வளர்ந்த பிறகு ஒரே உடலில் ஆணும் பெண்ணுமாக இருக்கிற உயிர் அது. ஆனால் முட்டையிலிருந்து வருகிற குஞ்சு மிதந்து வளர்ந்து இறாலாக மாற மாதங்கள் ஆகும், தொட்டியில் அதைக் காப்பாற்றுவது மிகவும் கடினம். அதனால் கடைக்கு வருகிற க்ளீனர்களில் பெரும்பாலானவை கடலில் பிடித்தவை. லட்சத்தீவில் அகத்தித் தீவுப் பெண்கள், தேசிய மீன் மரபணு வளங்கள் பணியகத்தின் பயிற்சியோடு வேறு வகை அலங்கார இறால்களைத் தொட்டியில் வளர்க்கிறார்கள். அது எனக்குப் பெரிய சந்தோஷம். க்ளீனருக்கு அந்த வழி இன்னும் எளிதாக அமையவில்லை. பாறையிலிருந்து பிரித்துக் கொண்டுவந்த உயிரை "என்ன ஆகுதுன்னு பார்ப்போம்" என்று ஒரு வேட்டை மீனுக்கு முன்னால் விடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

லயன் வேண்டும் என்றால் அதற்குத் தனி டேங்க் வை. செத்த இறாலையும் கணவாய்த் துண்டையும் குச்சியில் கோத்துக் கொடுத்துப் பழக்கு, நன்னீர்க் குட்டி மீன்களைப் போட்டு வளர்க்காதே. உள்ளே கையை விடும்போது அது எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு விடு, முதுகில் மட்டும் 13 விஷ முள். குத்திவிட்டால் தாங்கும் அளவுச் சூட்டில், 45 டிகிரிக்கு மேல் போகாமல், வெந்நீரில் கையை அரைமணி நேரத்துக்குக் குறையாமல் வைத்துவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போ. வலி நின்றுவிட்டது என்று வீட்டிலேயே உட்கார்ந்துவிடாதே.

ஹாலில் அந்த ஜன்னல் பக்கச் சுவர் எத்தனை அடி என்று அளந்து சொல், வெயில் நேராக விழுமா என்றும் பார். ஸ்டாண்டுக்கும், தண்ணீர்க் கழிவை எடுக்கிற ஸ்கிம்மருக்கும் பணம் குறைந்தால் கடன் வாங்காதே, என்னிடம் கேள்.

அம்மா