ஆண்டறிக்கை 2024–25 (பொதுக்குழுவில் செயலாளர் வாசித்தது)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, வந்திருக்கும் 11 உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

11 என்று எண்ணிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன்.

கெர்பல் ஸ்பேஸ் ப்ரோகிராம் என்னும் விண்கலக் கணினி விளையாட்டை ஆடுவதும், அதன் வழியாக ராக்கெட் வடிவமைப்பையும் சுற்றுப்பாதைக் கணக்கையும் கற்பதும் நம் சங்கத்தின் நோக்கங்கள் என்று விதிமுறையின் முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறது. கொடைக்கானலில் இப்படி ஒரு சங்கம் எதற்கு என்று இந்த ஆண்டும் பலர் கேட்டார்கள். பனியும் மழையுமாகப் பாதி ஆண்டு வீட்டுக்குள் முடங்கிக் கிடப்பவன் வேறென்ன செய்வான் என்று தலைவர் வழக்கமாகச் சொல்லும் பதிலையே நானும் சொல்லி அனுப்பினேன்.

செயற்குழு 9 முறை கூடியது. அதில் 2 முறை போதிய உறுப்பினர் இல்லாமல் கலைந்தது. ஆயுத பூஜையன்று கணினிக்குப் பொட்டு வைத்துப் பொரிகடலை வழங்கினோம். மே மாதம் வானாய்வகத்துக்குச் சென்றுவந்தோம். சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை 1909-ல் எவர்ஷெட் கண்டறிந்தது அங்கேதான். நாங்கள் போன அன்று மூடுபனி, சூரியன் இருக்கும் திசைகூடத் தெரியவில்லை. புதிய உறுப்பினர் இருவர் சேர்ந்தார்கள். ஒருவர் மறுமாதமே வேலை கிடைத்துத் திருப்பூருக்குப் போய்விட்டார்.

இனி சிக்கன ராக்கெட் திட்டம். சென்ற பொதுக்குழு இதை என் பொறுப்பில் ஒப்படைத்தது. ஒப்படைத்ததா, நானே எடுத்துக்கொண்டேனா என்பது மினிட் புத்தகத்தில் தெளிவாக இல்லை என்று துணைத் தலைவர் சொல்கிறார். அந்தப் பக்கத்தில் தேநீர் கொட்டியிருப்பதுதான் காரணம்.

நம் உறுப்பினர்கள் ராக்கெட் கட்டுவது தேர் கட்டுவதுபோல இருக்கிறது. உயரம் போதவில்லையா, இன்னொரு டாங்கி. கிளம்பவில்லையா, பக்கத்துக்கு இரண்டு இஞ்சின். ஆடுகிறதா, சுற்றிலும் கம்பி கட்டு. விடுதி நடத்தும் நம் அன்பர் கட்டியது 210 டன். ஏவிய இரண்டாம் நிமிடம் வளைந்து, கிழக்கே கடலில் விழுந்தது. விளையாட்டில் நம் பூமியின் இடத்தில் இருக்கும் கெர்பின் கிரகத்துக் கடலடியில் நம் சங்கத்துச் சொத்து நிறையவே கிடக்கிறது.

மேலடுக்கில் ஒரு கிலோவைக் குறைத்தால் கீழடுக்கில் பல கிலோ தானாகக் குறையும், ஆகவே கலத்தை உச்சியிலிருந்து கீழ்நோக்கி வடிவமைக்க வேண்டும் என்பது நான் மூன்றாண்டுகளாகச் சொல்லிவருவது. ஜூன் மாதக் கூட்டத்தில் கரும்பலகையில் கணக்குப் போட்டே காட்டினேன். அன்று வராதவர்களுக்காக அதை இங்கே திரும்பச் சொல்கிறேன்.

விண்வெளி வீரர் உட்காரும் கூண்டு, பாராசூட், வெப்பக் கவசம், கால்கள் எல்லாம் சேர்ந்து 1.3 டன் என்று வையுங்கள். டெரியர் இஞ்சின் அரை டன். எரிபொருள் நிறைந்த டாங்கி 2.25 டன். அதில் டாங்கியின் சொந்த எடை கால் டன்தான், மற்ற 2 டன்னும் எரிந்து போவது. ஆக நிறைந்த எடை 4.05 டன், காலி எடை 2.05 டன். ஒன்றை ஒன்றால் வகுத்து, இயற்கை மடக்கை எடுத்து, இஞ்சினின் திறன் அளவான 345 விநாடியாலும் ஈர்ப்பு முடுக்கமான 9.81-ஆலும் பெருக்கினால் விநாடிக்குச் சுமார் 2300 மீட்டர். கலம் தன் வேகத்தை மொத்தமாக அவ்வளவு மாற்றிக்கொள்ளலாம். இதைத்தான் டெல்டா-வி என்கிறோம். பஸ்ஸில் போகிறவனுக்குக் கையிலுள்ள சில்லறை எப்படியோ, விண்கலத்துக்கு இது அப்படி.

இன்னொரு டாங்கி வைத்தால் 4600 ஆகிவிடும் என்றுதானே நினைப்போம்? ஆகாது. 3400-தான். எரிபொருள் இரண்டு மடங்கு, பலன் ஒன்றரை மடங்கு. டாங்கியைத் தொடாமல் கூண்டிலிருந்து ஏணி, விளக்கு, உபரி பாட்டரி என்று 300 கிலோவைக் கழற்றிப் போட்டாலோ 275 மீட்டர் இலவசமாகக் கிடைக்கிறது.

அப்போது வெள்ளகவி மலைக்கிராமப் பாதையில் குதிரையில் சுமை ஏற்றியவரின் மகனான நம் உறுப்பினர் எழுந்து, “குதிரை தின்கிற கொள்ளையும் அந்தக் குதிரைதானே சுமக்க வேண்டும், சார்?” என்றார். ரஷ்ய ராக்கெட் முன்னோடி சியோல்கோவ்ஸ்கி 1903-ல் சமன்பாடாக எழுதி வெளியிட்டதை இவர் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார். சியோல்கோவ்ஸ்கியும் காது சரியாகக் கேளாத ஒரு பள்ளி ஆசிரியர்தான் என்று நம் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் மகிழ்ச்சியோடு நினைவூட்டினார். அவர் காதிலும் கருவி இருக்கிறது.

பொருளாளர் அணுசக்தி இஞ்சின் வேண்டும் என்று மூன்று கூட்டங்களில் வலியுறுத்தினார். நெர்வ் என்னும் அந்த இஞ்சினின் திறன் 800 விநாடி என்பது உண்மை. அதன் எடை 3 டன் என்பதும் உண்மை. காலிக் கலமே 2 டன்தான் இருக்கும்போது அதில் இதைப் பூட்டுவது ஆட்டோவில் லாரி இஞ்சினைப் பூட்டும் வேலை. விளையாட்டின் இன்னொரு கிரகமான டூனாவுக்குப் பெரிய கலம் அனுப்பும் நாளில் பார்க்கலாம் என்று தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டது. இதில் அவருக்கு இன்னும் வருத்தம் இருப்பதை அறிவேன்.

இந்தக் கணக்கின்படி கட்டிய ராக்கெட் 40 டன்னுக்குள் அடங்கியது. டெல்டா-வி செலவு இப்படி: கெர்பினின் தாழ்ந்த சுற்றுப்பாதைக்கு 3400, அங்கிருந்து மன் என்னும் நிலாவை நோக்கித் தள்ள 860, நிலாவின் பிடியில் சிக்க 310, இறங்க 580, ஏற 580, வீடு திரும்ப 310. கடைசியில் கெர்பினின் காற்று மண்டலமே பிரேக் போட்டுவிடுவதால் அதற்குச் செலவில்லை. முதல் இரண்டையும் கீழடுக்குகள் பார்த்துக்கொள்ளும். மேலடுக்குக்கு மிச்சம் 1780. கையில் 2300.

ஆகஸ்ட் 23 தேசிய விண்வெளி நாள். சந்திரயான்-3 நிலவில் இறங்கிய நாள் என்பதால் 2024-ல் முதல்முறையாகக் கொண்டாடினார்கள். நாமும் அன்று மாலை பள்ளிப் பிள்ளைகள் 17 பேரை அழைத்து, மூஞ்சிக்கல்லில் பேக்கரிக்கு மேலே உள்ள இந்த அறையிலேயே பெரிய திரையில் ஏவிக் காட்டினோம். கிளம்பியதும் கொஞ்சமாகக் கிழக்கே சாய்த்தேன். கிரகம் சுழல்கிற திசையில் ஏவினால் விநாடிக்கு 175 மீட்டர் சும்மா கிடைக்கிறது. சாய்த்த பிறகு ராக்கெட் தன் எடையாலேயே மெல்ல வளைந்துகொண்டு போனது. 80 கிலோமீட்டரில் வட்டப்பாதை. கீழே பன் வேகும் வாசனை, மேலே பிள்ளைகள் மூச்சுவிடும் சத்தம் மட்டும். நிலாவை நோக்கித் தள்ளியாயிற்று, அதன் பின்புறம் சுற்றி வந்தாயிற்று. பிடியில் சிக்குவதற்கான எரிப்பு 20 விநாடி. அதில் பாதியைக் குறித்த இடத்துக்கு முன்பும் பாதியைப் பின்பும் செய்ய வேண்டும் என்பதால், 10 விநாடி முன்பே தொடங்க வேண்டும் என்று ஒரு சிறுமியைத் தலைகீழாக எண்ணச் சொன்னேன். அவள் 40 என்று தொடங்கினாள். 33 என்றபோது மின்சாரம் நின்றது.

யுபிஎஸ் ஒருமுறை கீச்சென்று கத்திவிட்டு அடங்கியது.

இதைப் பற்றி ஊரில் பலவாறாகப் பேசுகிறார்கள். செயலாளர் இடையில் எஃப்5 அழுத்திப் பதிவு செய்திருக்க வேண்டும் என்கிறார்கள். உண்மை. அழுத்தவில்லை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் யுபிஎஸ் பாட்டரி செத்துவிட்டது, மாற்ற வேண்டும் என்று ஜூன் மாதமே நான் தீர்மானம் கொண்டுவந்ததும், அது ஒருமனதாக நிறைவேறியதும், பணம் இல்லாமல் அப்படியே கிடந்ததும் அதே மினிட் புத்தகத்தில், தேநீர் கொட்டாத பக்கத்தில் இருக்கின்றன.

8.40-க்கு விளக்கு வந்தபோது பிள்ளைகள் போய்விட்டார்கள். கெர்பினைச் சுற்றிக்கொண்டிருந்த கட்டம் தானாகப் பதிவாகியிருந்தது. மீதமிருந்த நான்கு பேர் அங்கிருந்து தொடங்கி, ஒரு பள்ளத்தின் சரிவில் கலத்தை இறக்கி, அது சாய்ந்து விழாமல் நிற்கிறதா என்று பார்த்திருந்துவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து சேர்த்தோம். கெர்பின் கடலில் பாராசூட் விரிந்தபோது இரவு 11 மணி. எரிபொருள் மிச்சம் இருந்தது. பார்க்கத்தான் ஆள் இல்லை.

சந்தா. நம் பேரேட்டில் 34 பெயர்கள். ஆண்டுக்கு 600 ரூபாய், அதாவது மாதம் 50. முழுவதும் கட்டியவர்கள் 13 பேர். பாதி கட்டியவர்கள் 6 பேர். மற்ற 15 பேரைப் பற்றி நான் எதுவும் சொல்வதற்கில்லை. சொன்னால் கடைவீதியில் பார்க்கும்போது சங்கடம். ஓர் அன்பர், வத்தலக்குண்டுக்காரர், 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு வரும் வாகனங்களுக்கு இ-பாஸ் வந்துவிட்டதால் கூட்டத்துக்கு வர முடியவில்லை என்று எழுதியிருந்தார். பஸ்ஸில் வருகிறவருக்கு அது தேவையில்லை என்பதையும், அவர் இதுவரை பஸ்ஸில்தான் வந்திருக்கிறார் என்பதையும் பதிவு செய்கிறேன்.

மங்கள்யான் எப்படிச் செவ்வாய்க்குப் போனது என்று நம் எல்லோருக்கும் தெரியும். 2013 நவம்பர் 5 அன்று பிஎஸ்எல்வி அதைப் பூமியின் நீள்வட்டப் பாதையில் விட்டது. அதற்கு மேல் தள்ளும் வலு அந்த ராக்கெட்டுக்கு இல்லை. ஆகவே கலம் பூமிக்கு மிக அருகில், மிக வேகமாகக் கடக்கும் சமயம் பார்த்துத் தன் சிறிய இஞ்சினை இயக்கி, சுற்றுக்குச் சுற்றுப் பாதையை நீட்டிக்கொண்டே போனது. வேகம் அதிகமுள்ள இடத்தில் எரித்தால் அதே எரிபொருளுக்குப் பலன் கூடுதல். நவம்பர் 11 அன்று பாதையின் தொலைப்புள்ளியை ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு உயர்த்த வேண்டும். உந்துதல் குறைந்து 78,276-ல் நின்றுவிட்டது. மறுநாளே துணை எரிப்பு ஒன்று செய்து குறையைச் சரிக்கட்டினார்கள். நம் சங்கத்தின் சந்தா வசூல் நூற்றுக்கு 78-க்குக்கூட வரவில்லை. பாதியைத் தொடவில்லை. துணை எரிப்புக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்று மட்டும் சொல்லி வைக்கிறேன்.

எரிந்து தீர்ந்த டாங்கியைக் கழற்றிவிடாமல் இழுத்துக்கொண்டு போனால் எந்த ராக்கெட்டும் மேலே போகாது என்று செப்டம்பர் செயற்குழுவில் நான் சொன்னது ஒரு பொறியியல் உண்மை. யாரையும் பேரேட்டிலிருந்து நீக்குவதைக் குறித்துச் சொன்னதல்ல. அப்படிப் பொருள்கொண்டு மூன்று பேர் தலைவரிடம் புகார் செய்தார்கள். மூவரும் அந்தப் 15 பேரில் அடங்குவார்கள் என்பது தற்செயலாக இருக்கலாம்.

ஜனவரியில் சுற்றுப்பாதையில் இரண்டு கலங்களை இணைக்கும் பயிற்சி. முன்னால் போகும் கலத்தைப் பிடிக்க வேகத்தைக் கூட்டினால் நம் பாதை உயர்ந்து, சுற்ற நேரம் அதிகமாகிப் பின்தங்கிவிடுவோம். தாழ வேண்டும், தாழ்ந்தால்தான் முந்தலாம். 100 கிலோமீட்டர் உயரத்தில் விநாடிக்கு 2246 மீட்டர் என்றால் 80-ல் 2279. மலைப்பாதை வளைவில் ஹாரன் அடித்து முந்திப் பழகிய நம் ஜீப் ஓட்டுநர் அன்பருக்கு இதை ஏற்கவே ஒரு மாதம் பிடித்தது. காணும் பொங்கல் அன்று, ஜனவரி 16, இஸ்ரோவின் ஸ்பேடெக்ஸ் கலங்கள் இரண்டும் இணைந்தன. அதற்கு நான்கு நாள் முன்பு 3 மீட்டர் வரை நெருங்கிவிட்டு, பத்திரமாக விலக்கிக்கொண்டார்கள். நம்மவர் அந்த 3 மீட்டரில் விலக்காமல் மோதிவிட்டார். சூரியத் தகடு ஒன்று சேதம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வைப்பார். சுருக்கமாக, வாடகை போக, மின்கட்டணம் போக, தேநீர் போக, கையிருப்பு சொல்லிக்கொள்ளும்படி இல்லை. ‘இதரச் செலவு’ என்ன என்று இருவர் கேட்டிருந்தார்கள். மவுஸ் ஒன்று, வடை.

வாடகையை உயர்த்தாத கட்டட உரிமையாளருக்கும், நாற்காலி தந்த பேக்கரிக்காரருக்கும், தலைமை தாங்கி வழிநடத்தும் தலைவருக்கும், கருத்து வேறுபாடுகளுக்கிடையிலும் ஒத்துழைத்த பொருளாளருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் மின்மஸ் நிலாவுக்குப் போகலாம் என்பது என் எண்ணம். மன்னைவிடத் தொலைவு என்று பயப்படுகிறார்கள். கிளம்ப 930 ஆகும், 70 அதிகம்தான். ஆனால் ஈர்ப்பு மிகக் குறைவு என்பதால் இறங்க 180 போதும், மன் நிலாவில் 580. தூரத்து ஊர், டிக்கெட் மலிவு. அதன் பாதை 6 பாகை சாய்ந்திருப்பதைச் சரிசெய்ய ஒரு சிறு எரிப்பு வேண்டும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். ஆகஸ்ட் 23 அன்று அதே 17 பிள்ளைகளையும் அழைத்திருக்கிறேன். எண்ணிய சிறுமி, இந்த முறை 33-க்குப் பிறகும் எண்ணலாமா என்று கேட்டு அனுப்பியிருக்கிறாள். பாட்டரி விலையை விசாரித்து வைத்திருக்கிறேன்.

கூட்டம் முடிந்ததும் பொருளாளர் ரசீதுப் புத்தகத்துடன் வாசலருகே உட்கார்ந்திருப்பார். இந்த அறைக்கு வாசல் ஒன்றுதான்.

இப்படிக்கு,
செயலாளர்