ஆறு மாதமும் அதன் பிறகும்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. நீரிழிவுப் பிரிவின் பொறுப்பை நீ ஏற்றுக்கொண்ட செய்தி எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தது. நான் இன்னமும் காசநோய்ப் பிரிவில்தான் இருக்கிறேன். ஒரே நோயாளியை ஒரு பிரிவு அறியாமல் இன்னொரு பிரிவு பார்த்துக்கொண்டிருக்கிறதே என்ற கவலை சில காலமாக என்னை விடவில்லை. அதை உனக்கு நிதானமாக எழுத வேண்டும் என்றிருந்ததால்தான் பதில் தாமதமாயிற்று.

சென்ற மாதம் ஒரு பெண்மணி வந்தார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஆறு மாத சிகிச்சையை ஒரு நாள்கூடத் தவறாமல் முடித்தவர். எங்கள் பதிவேட்டில் 'குணமடைந்தார்' என்றே எழுதியிருக்கிறோம். இப்போது மீண்டும் இருமல், எடைக் குறைவு, சளியில் கிருமி. சர்க்கரையும் கட்டுக்குள் இல்லை. அவருக்கு நீரிழிவு இருப்பதை முதல் சிகிச்சையின்போதே கண்டுபிடித்து, நீரிழிவுப் பிரிவுக்குப் போகும்படி சீட்டு எழுதிக் கொடுத்திருந்தோம். அந்தச் சீட்டு மடித்தது மடித்தபடி அவருடைய பையிலேயே இருந்தது. "இங்கே மருந்து முடிந்ததும் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன்" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஏனென்றால் அப்படி நினைக்கும்படி அவரை வழியனுப்பி வைத்தவர்கள் நாங்கள்தான்.

நீரிழிவு உள்ளவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 2 முதல் 3 மடங்கு அதிகம் என்பதும், இரண்டும் சேர்ந்தால் மரணமும் நோய் திரும்புதலும் கூடுகின்றன என்பதும் நாம் இருவரும் அறிந்தவை. உலக சுகாதார நிறுவனம் 2011-லேயே இரு நோய்களுக்குமான கூட்டுச் செயல்திட்டத்தை வெளியிட்டது. இந்தியா 2017-ல் தனக்கென ஒன்றை வகுத்துக்கொண்டது. ஆனால் தொற்றுநோய்க்கு ஓர் அதிகாரி, தொற்றா நோய்க்கு வேறோர் அதிகாரி, நிதியும் பதிவேடும் தனித்தனி என்று பல நாடுகளின் சுகாதாரத் துறைகள் பிரிந்து கிடப்பதால், திட்டம் ஏட்டில் இருந்தாலும் அதைச் செயல்படுத்தும் வேலை கடைசியில் நோயாளியின் கையிலுள்ள சீட்டின் மீதே விழுகிறது. காசநோய் மருந்து இலவசமாகக் கிடைக்கும் பல இடங்களில், வாழ்நாள் முழுவதும் தேவைப்படும் நீரிழிவு மருந்துக்கு நோயாளியே செலவழிக்க வேண்டியிருப்பதையும் இதோடு சேர்த்துப் பார்.

மருந்துகளைப் பற்றி உன்னிடம் தனியாகவே பேச வேண்டும். காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் கல்லீரலின் நொதிகளைத் தூண்டிவிடுவதால், சர்க்கரையைக் குறைக்கும் சல்ஃபோனைல்யூரியா மாத்திரைகள் விரைவாகச் சிதைந்து சர்க்கரை ஏறுகிறது. அதைக் கண்டு அளவைக் கூட்டுகிறோம். காசநோய் சிகிச்சை முடிந்து ரிஃபாம்பிசின் நின்றபின் ஏறத்தாழ இரண்டு வாரத்தில் அந்தத் தூண்டுதல் அடங்கிவிடும். கூட்டிய அளவு அப்படியே தொடர்ந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழக்கூடும். அதாவது, நாங்கள் நோயாளியைக் கைவிடுகிற அந்த வாரங்களில்தான் உங்கள் கண் அவர்மேல் இருந்தாக வேண்டும். இன்னொரு நீரிழிவு மருந்தான மெட்ஃபார்மினைக் கல்லீரல் சிதைப்பதில்லை என்பதால் இந்தச் சிக்கல் அதில் குறைவு. ஆனால் அது தரும் குமட்டல் காசநோய் மருந்துகளின் குமட்டலோடு சேர்ந்துகொள்ளும்போது சிலர் இரண்டையுமே நிறுத்திவிடுகிறார்கள்.

இன்னொன்று. தொற்றும் நிலையில் உள்ளவரைச் சிகிச்சையின் முதல் வாரங்களில் உங்கள் நெரிசலான வரிசைக்கு அனுப்புவது சரியல்ல. அங்கே காத்திருப்பவர்கள் எல்லாரும் காசநோய்க்கு எளிதில் ஆளாகக்கூடியவர்கள். அதுவரை சர்க்கரையை நாங்களே பார்த்துக்கொண்டு, உங்களிடம் ஆலோசனை மட்டும் கேட்கலாம். மேலும், நோயின் கடுமையால் தற்காலிகமாக ஏறும் சர்க்கரை சிலருக்குச் சிகிச்சையோடு இறங்கிவிடும் என்பதால், முதல் வாரத்துப் பரிசோதனையை வைத்தே ஒருவருக்கு நீரிழிவு என்று முடிவு கட்டாமல், சிகிச்சையின் முடிவில் மறுபடியும் பார்த்தாக வேண்டும்.

நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் ஒன்றையும் அல்ல. காசநோய்ப் பதிவேட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு முடிவு எழுதியாக வேண்டும்: குணமடைந்தார், இறந்தார், இடையில் விட்டுவிட்டார் என்று யாரையும் விடாமல் கணக்குக் கொடுக்கிறோம். ஆப்பிரிக்க நாடான மலாவியில் இந்தக் கணக்கு முறையையே நீரிழிவு நோயாளிகளுக்கும் கொண்டுசென்று பார்த்திருக்கிறார்கள். நீரிழிவும் உள்ளவர் என்றால், 'நீரிழிவுப் பிரிவு ஏற்றுக்கொண்டது' என்று உன் தரப்பிலிருந்து ஒரு வரி வந்து சேரும்வரை அவருடைய பக்கத்தை நாங்கள் மூடக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம். சீட்டு எழுதிக் கொடுத்ததை நாங்கள் சாதனையாக எண்ணிக்கொள்கிறோம். அந்தச் சீட்டு போய்ச் சேர்ந்ததா என்று எண்ண எங்களிடம் ஒரு கட்டமும் இல்லை.

அந்தப் பெண்மணிக்கு மறுபடியும் சிகிச்சை தொடங்கிவிட்டோம். இந்த முறை சிகிச்சை முடியும் நாளில் நானே அவரை அழைத்துச் சென்று நீரிழிவுப் பிரிவில் ஒப்படைப்பதாகச் சொல்லியிருக்கிறேன். உன் பிரிவுக்குக் காசநோய்ப் பிரிவு அனுப்பியவர்களில் எத்தனை பேர் உண்மையில் வந்து சேர்ந்தார்கள் என்பதைப் பதிவேடு பார்த்து எழுது.

அன்புடன்,
உன் பழைய நண்பன்