ஒண்ணாம் நம்பர் ஹவுஸை பிரிக்கறதுக்கு முன்னாடி ஒரு நன்றி மடல்

எல்லாருக்கும் வணக்கம். வர்ற ஞாயித்துக்கிழமை எங்க ஒண்ணாம் நம்பர் ஹவுஸை பிரிக்கிறோம். பூ வளக்கறதுக்கு தாத்தா போட்ட முதல் கிரீன்ஹவுஸ் அது, அப்பாவும் சித்தப்பாவும் அத்தையும் ஸ்கூல் விட்டு வந்து நேரா தண்ணி ஊத்தப் போன ஹவுஸ், நான் நடை பழகுனதே அங்க ரெண்டு பெட்டுக்கு (செடி நடற பாத்தியைத்தான் பெட்டுன்னு சொல்லுவோம்) நடுவுல இருக்கற பாதையிலதான்னு அம்மா சொல்லுவாங்க. பைப்பெல்லாம் அடியில துரு புடிச்சு அரிச்சுப் போச்சு, இனிமே ஒரு பெருங்காத்துக்கு தாங்காது, உள்ள வேலை செய்றவங்க தலையில விழுந்துட்டா என்ன பண்றது, அதனால மனசே இல்லாம இந்த முடிவுக்கு வந்தோம்.

"அதை பிரிக்கறதுக்கு முன்னாடி எல்லாருக்கும் ஒரு வார்த்தை நன்றி சொல்லி எழுதிடு"ன்னு அம்மா சொன்னாங்க. எழுத உக்காந்தா பேரு வந்துகிட்டே இருக்கு. குடும்பமா நடத்துற தொழில்னு எல்லாரும் எங்களை சொல்றாங்க, வாசல் போர்டுலயும் அப்படித்தான் எழுதி வெச்சிருக்கோம், ஆனா யோசிச்சுப் பாத்தா இந்த தொழில்ல எங்க குடும்பத்துக்குள்ளேயே பொறந்த அறிவுன்னு ஒண்ணுகூட இல்லைங்க, ஒவ்வொண்ணும் யாரோ ஒருத்தர் வந்து கையைப் புடிச்சு சொல்லிக் கொடுத்துட்டுப் போனது. பேரு போட வேண்டாம்னு பாதிப் பேரு சொல்லிட்டீங்க, அதனால யாரு பேரையும் போடல. படிக்கும்போது உங்களுக்கே தெரியும்.

முதல்ல வெல்டர் தாத்தா. எங்க தாத்தா வெறும் நிலத்துல ரோஜா போட்டு ஒவ்வொரு மழைக்கும் மொக்கு அழுகிப் போறதைப் பாத்து நொந்துபோன ஆளு, மேல ஒரு கூரை இருந்தா போதும்னு ஆசைப்பட்டாரு, கண்ணாடி போட வசதி இல்ல. பிளாஸ்டிக் ஷீட்டுலயே கிரீன்ஹவுஸ் போடலாம்னு அவருக்கு யாரோ சொல்லியிருக்காங்க. (1948ல அமெரிக்காவுல கென்டக்கி யுனிவர்சிட்டியில எம்மர்ட்னு ஒரு புரொபசர், கண்ணாடிக்கு செலவு பண்ண முடியாமத்தான் பிளாஸ்டிக் ஷீட்டை மரச்சட்டத்து மேல இழுத்துக் கட்டி முதல்ல இதை பண்ணிக் காட்டுனாராம், பின்னாடி நான் படிச்சு தெரிஞ்சுகிட்டேன், தாத்தாவுக்கு இது தெரிஞ்சிருந்தா எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பாரு.) சரி ஷீட்டு இருக்கு, வளைவான பைப்புக்கு எங்க போறது? வெல்டர் தாத்தா எங்க முத்தத்துல தரையில அரைவட்டமா வரிசையா முளை அடிச்சாரு, அதுல பைப்பை சாய்ச்சு வெச்சு ரெண்டு பேரு ஒரு முனையைப் புடிச்சுக்க மெதுவா இழுத்து இழுத்து வளைச்சாரு, எந்த மெஷினும் இல்ல. ஒவ்வொரு வளைவையும் முதல் வளைவு மேல படுக்க வெச்சு விரல் கனம் வித்தியாசம் இருந்தாலும் திரும்ப முளையில மாட்டுவாராம். இன்னைக்கு வரைக்கும் அந்த ஹவுஸ்ல ஷீட்டு சுருக்கம் விழாம உக்காரும், புதுசா கம்பெனிக்காரங்க வந்து போட்ட மூணாம் நம்பர்லகூட அப்படி உக்காராது. கூலியை தாத்தா முதல் பூவு வித்துத்தான் கொடுத்தாரு, அதுவரைக்கும் அவர் வாய் தொறந்து கேக்கவே இல்ல. அவர் இப்ப இல்ல, அவரோட பேரன் இதை படிப்பாருன்னு நம்புறேன். தம்பி, உங்க தாத்தா கையால வளைச்ச பைப்புல நல்லா இருக்கற ரெண்டை எடுத்து தனியா வெச்சிருக்கோம், உங்களுக்குத்தான்.

அடுத்து நர்சரி அய்யா. அத்தைக்கு ஒட்டுக் கட்ட சொல்லிக் கொடுத்தவரு. காட்டு ரோஜா தண்டுல இங்கிலீஷ் டி எழுத்து மாதிரி கீறி, தோலை லேசா தொறந்து, உள்ள நல்ல ரகத்தோட மொட்டை (துளிர் விடற கண்ணை) நழுவ விட்டு, கண்ணு மட்டும் வெளிய தெரியற மாதிரி டேப் சுத்தணும், கேக்க சுலபம்தான். அத்தை முதல்ல கட்டுன நூறுல முக்காவாசி காஞ்சு போச்சு, அழுதுட்டாங்க. அய்யா ஒரு வார்த்தை திட்டல, "தோலு தானா நழுவணும்மா, நீ கிழிக்கக் கூடாது, நழுவலைன்னா செடி தாகத்துல இருக்கு, இன்னைக்கு தண்ணி விட்டு நாளான்னைக்கு வா"ன்னு சொல்லி அனுப்பியிருக்காரு. இன்னொண்ணும் சொன்னாரு, அதை நான் இன்னைக்கும் புதுசா வர்ற பசங்களுக்கு காட்டுறேன். மொட்டு எடுக்கும்போது அந்த இலையோட காம்பை கொஞ்சம் விட்டு எடுக்கணும், ரெண்டு மூணு வாரம் கழிச்சு அந்த காம்பை விரலால லேசா தொடணும், தொட்டதும் பொட்டுன்னு விழுந்தா ஒட்டு புடிச்சிருச்சு, காஞ்சு கருத்து ஒட்டிகிட்டே நின்னா போச்சு. டேப்பை அவுக்கவே வேணாம். அத்தை இப்ப கண்ணு சரியா தெரியாத வயசுலயும் விரலாலயே தொட்டு சொல்லிடுவாங்க. அய்யா கொடுத்த கத்தி அவங்க தலைமாட்டுலதான் இருக்கு.

இப்ப பல்பு கதை. இதை நான் விரிவா சொல்லியே ஆகணும், ஏன்னா அந்த வருஷம் அப்பா தொழிலையே விட்டுடலாம்னு இருந்தாரு. ரெண்டாம் நம்பர் ஹவுஸ்ல முதல் தடவையா சாமந்தி போட்டோம். சாமந்திக்கு ராத்திரி நீளமா இருந்தாத்தான் மொக்கு விடும், செடி உயரம் வர்ற வரைக்கும் நடு ராத்திரியில லைட்டு போட்டு ராத்திரியை உடைச்சு வெச்சு, உயரம் வந்ததும் லைட்டை நிறுத்தி இருட்டுல விடணும், அதெல்லாம் சரியாத்தான் பண்ணோம். எல்லா பெட்டும் மொக்கு வெச்சுது, கிழக்கு ஓரத்துல நாலு பெட்டு மட்டும் பச்சைப் பசேல்னு இலையா வளந்துகிட்டே போகுது, ஒரு மொக்கு இல்ல. உரம் அதிகமாயிருச்சுன்னு ஒருத்தர், நாத்து சரியில்லன்னு இன்னொருத்தர். அப்பா நாத்து கொடுத்தவர்கிட்ட போயி சண்டையே போட்டுட்டு வந்துட்டாரு (அண்ணே, அதுக்கு அப்பா சார்பா இப்ப மன்னிப்பு கேட்டுக்கறேன், உங்க நாத்துல ஒரு குறையும் இல்ல).

அப்பதான் ரிட்டயர்டு புரொபசர் சார் வந்தாரு. பகல்ல ஒரு சுத்து சுத்திப் பாத்தாரு, ஒண்ணும் சொல்லல, "ராத்திரி வர்றேன்"னு மட்டும் சொல்லிட்டுப் போயிட்டாரு. சொன்ன மாதிரியே சாப்பாட்டு நேரம் கழிஞ்சு வந்தாரு, உள்ள எல்லா லைட்டையும் அணைக்கச் சொல்லிட்டு அந்த நாலு பெட்டுக்கு நடுவுல பேசாம நின்னாரு. கண்ணு இருட்டுக்குப் பழகுனதும் கையை செடிக்கு மேல நீட்டுனாரு. இலை மேல அவரு கையோட நிழல் விழுந்துச்சு. அவ்வளவுதான். பக்கத்து வீட்டு அக்கா முத்தத்துல விடிய விடிய எரியற பல்பு. அந்த வெளிச்சம் செடிக்கு ராத்திரியே வரலன்னு சொல்லிகிட்டு இருந்திருக்கு. 1920லயே கார்னர், ஆலார்ட்னு ரெண்டு அமெரிக்க விஞ்ஞானிங்க பகல் நீளத்தை வெச்சுத்தான் செடி பூக்கற நேரத்தை முடிவு பண்ணுதுன்னு எழுதிட்டாங்களாம், சார் அந்த இருட்டுலயே எங்களுக்கு கிளாஸ் எடுத்தாரு, அப்பா கை கட்டிகிட்டு சின்னப் பையன் மாதிரி கேட்டுகிட்டு நின்னாரு.

சார், உங்களுக்கு நன்றி. ஆனா அதைவிட பெரிய நன்றி பக்கத்து வீட்டு அக்காவுக்கு. அவங்ககிட்ட எப்படிக் கேக்கறதுன்னு அப்பாவுக்கு ஒரே தயக்கம், பொம்பளைங்க இருக்கற வீடு, பையன் நைட் ஷிப்டு முடிச்சு நேரங்கெட்ட நேரத்துல வருவாரு, முத்தத்துல லைட்டு வேண்டாம்னு யாராவது கேப்பாங்களா. அக்கா விஷயத்தைக் கேட்டதும் எந்திரிச்சுப் போயி ஸ்விட்சை அணைச்சுட்டு வந்து உக்காந்துட்டாங்க. ரெண்டு மாசத்துக்கு மேல அந்த முத்தத்துல லைட்டு எரியல. பையன் வர்ற நேரத்துக்கு கையில டார்ச்சை வெச்சுகிட்டு வெளிய நிப்பாங்க, அந்த டார்ச்சையும் எங்க பக்கம் திரும்பாம தரையைப் பாத்தே புடிப்பாங்க, நான் ஜன்னல்ல இருந்து பாத்திருக்கேன். அந்த நாலு பெட்டும் தாமதமா பூத்துச்சு, ஆனா பூத்துச்சு. பின்னாடி நாங்க கறுப்புத் துணி போட்டு மறைச்சுட்டோம், இப்ப அந்தக் கவலையே இல்ல, இருந்தாலும் சாமந்தி நடற சீசன் வந்தா "பல்பை அணைச்சிடட்டுமா"ன்னு அக்கா இன்னும் கேக்கறாங்க.

அந்த காத்து ராத்திரியை இங்க எல்லாரும் மறந்திருக்க மாட்டீங்க. ஷீட்டுக்குள்ள காத்து புகுந்து ஹவுஸே பலூன் மாதிரி உப்பி பைப்பு காலு தரையை விட்டு எழும்ப ஆரம்பிச்சிருச்சு. பைப்பு, ஷீட்டு மாட்டித் தர்ற பிட்டர் அண்ணன் பைக்குல மழையில நனைஞ்சுகிட்டே வந்தாரு, வந்ததும் கேட்ட முதல் கேள்வி "கத்தி எங்க?" புது ஷீட்டு, போட்டு ரெண்டு மாசம்கூட ஆகல, இருநூறு மைக்ரான் கனத்துல வெயில் தாங்கற யூவி ஷீட்டு, மூணு நாலு வருஷம் வரணும்னு கணக்குப் போட்டு கடன் வாங்கிப் போட்டது. அதை அறுக்கணுங்கறாரு. அப்பாவால பேச முடியல. அண்ணன் காத்திருக்கல, ஏணியில ஏறி நுனியில இருந்து நுனி வரைக்கும் கிழிச்சு விட்டாரு, டமார்னு காத்து வெளிய போச்சு, எழும்புன காலு திரும்ப உக்காந்துச்சு. ஷீட்டு போச்சு, ஹவுஸ் நின்னுச்சு. பைப்பு முறுக்கிப் போயிருந்தா நாங்க திரும்ப எந்திரிச்சிருக்கவே மாட்டோம். அண்ணே, நீங்க அன்னைக்கு அப்பாகிட்ட பர்மிஷன் கேட்டுகிட்டு நின்னிருந்தா இன்னைக்கு இந்த மடலே இல்ல. திரும்ப ஷீட்டு போட பாதிப் பணம் கையில இல்லாதப்ப, "முதல்ல போடுங்க, பூவு வரட்டும்"னு கடனுக்கு ரோலை இறக்கிட்டுப் போன கடைக்காரருக்கும், தவணையை தள்ளி வெக்க மேலதிகாரிங்ககிட்ட எங்களுக்காக பேசுன பேங்க் மேடத்துக்கும் நன்றி.

வேன் டிரைவர் மாமா, உங்களை விட முடியுமா. கார்னேஷன் எங்க கோல்டு ரூம்ல இருந்து நல்லாத்தான் போகும், மார்க்கெட்டு போயி சேரும்போது சில நாள் மட்டும் இதழ் உள்பக்கமா சுருண்டு தூங்குன மாதிரி ஆயிடும், ரிஜெக்ட் ஆகி வரும். குளிர் பத்தலையா, தண்ணி பத்தலையான்னு நாங்க மண்டையை உடைச்சுகிட்டு இருந்தோம். மாமாதான் சின்ன டைரியில எழுதி வெச்சிருந்ததைக் கொண்டு வந்து காட்டுனாரு, பூ கெட்ட நாள் எல்லாமே வேன்ல கூடவே பழக்கூடை ஏத்துன நாள். பழம் பழுக்கும்போது விடற எத்திலீன் வாயு கார்னேஷனுக்கு விஷம். 1908லயே சிகாகோவுல கிராக்கர், நைட்னு ரெண்டு பேரு, லைட்டு எரிக்கிற கேஸ் கசிஞ்சு கார்னேஷன் கெட்டுப் போறதை ஆராய்ச்சி பண்ணி, அதுல இருக்கற எத்திலீன்தான் காரணம்னு கண்டுபிடிச்சிருக்காங்க. எங்களுக்கு அதைக் கண்டுபிடிச்சுக் கொடுத்தது டிரைவர் மாமா, கையெழுத்து மட்டும் தெரிஞ்ச டிரைவர் மாமா, தேதியையும் பழக்கூடைக்கு ஒரு வட்டத்தையும் மட்டும் போட்டு வெச்ச டைரியால. பழத்துக்கு கிடைச்சுகிட்டு இருந்த வாடகையை அன்னையில இருந்து அவரே வேண்டாம்னு விட்டுட்டாரு.

உள்ள வேலை செய்ற அக்காங்களைப் பத்தி எழுத ஆரம்பிச்சா முடியாது. அப்பா போனதுக்கு அப்புறம் அம்மாவுக்கு உரத் தொட்டி பக்கம் போகவே பயம், மீட்டரு, ஈசி (தண்ணியில கரைஞ்சிருக்கற உப்போட அளவு), பிஹெச்சு (புளிப்பு, காரத்தோட அளவு)ன்னு எல்லாமே அப்பா கையில இருந்தது. மூத்த அக்காதான் அம்மா கையில மீட்டரைக் கொடுத்து, பக்கத்துல உக்காந்து, ஒரு வாரம் தினமும் காலையில ரீடிங் எழுத வெச்சாங்க. முதலாளி அம்மாவுக்கு நாம சொல்றதான்னு அவங்க தயங்கல. ரோஜா இலையைத் திருப்பி அடியில ஊசிமுனை அளவுக்கு ஊருற சிவப்பு சிலந்தியை லென்ஸ் இல்லாம கண்டுபிடிக்கிற கண்ணு உங்களுக்கு, நான் படிச்சுட்டு வந்து லென்ஸ் வெச்சுப் பாத்தாலும் உங்களுக்கு அப்புறம்தான் எனக்குத் தெரியும்.

2020 மார்ச்ல எல்லாம் மூடுனப்ப, நெதர்லாந்துல ஆல்ஸ்மீர் ஏலச் சந்தையிலயே பூவை மலை மலையா அழிச்சாங்க, நாங்க எந்த மூலை. ஆனா வாங்க ஆள் இல்லன்னு பூவை செடியிலயே விட முடியாது, விட்டா இதழ் அழுகி பூஞ்சை புடிச்சு, இலைப்பேன் குடியேறி, செடியே போயிரும். அதனால பறிச்சு பறிச்சு குழியில கொட்டணும். பக்கத்துலயே நடந்து வர்ற தூரத்துல இருந்த நாலு அக்காங்க வந்தாங்க, பாதி சம்பளம்தான் தர முடிஞ்சுது, அதையும் நாங்களா கொடுத்தப்பதான் வாங்குனாங்க. தான் வளத்த பூவை தானே பறிச்சு குழியில போடறது என்ன வேதனைன்னு பண்ணவங்களுக்குத்தான் தெரியும், அந்த வேதனையை எங்களோட சேந்து சுமந்தீங்க. செடி பிழைச்சுது, திரும்ப மார்க்கெட்டு தொறந்தப்ப எங்ககிட்ட பூவு இருந்துச்சு. அந்த நேரத்துல முதல் ஆர்டர் கொடுத்த பொக்கே கடை தம்பிக்கும், பழைய பாக்கியை நாங்க கேக்காமலே அனுப்பி வெச்ச ரெண்டு வியாபாரிங்களுக்கும் இங்கயே நன்றி சொல்லிக்கறேன்.

விட்டுப்போனவங்க மன்னிச்சுக்கோங்க, போன் பண்ணி திட்டுங்க, சேத்துடறேன்.

ஞாயித்துக்கிழமை காலையில எட்டு மணிக்கு ஷீட்டை அவுக்க ஆரம்பிப்போம், பிட்டர் அண்ணன்தான் வர்றாரு. அந்த ஹவுஸ்ல கடைசியா ரெண்டு பெட்டு வெள்ளை கார்னேஷன் பூவுல இருக்கு, அதை மார்க்கெட்டுக்கு அனுப்பல. முடிஞ்சவங்க அதுக்கு முன்னாடி வந்து ஆளுக்கு ஒரு கட்டு அறுத்துக்கோங்க, கத்திரி அங்கயே தொங்கும். வர முடியாதவங்க சொல்லுங்க, டிரைவர் மாமா வேன்ல கொண்டு வந்து கொடுக்கறேன்னு சொல்லியிருக்காரு.