செல்விக்கு, அச்சகப் பட்டியல் பற்றி

திருப்பூர்,
வைகாசி மாதம்

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் கிடைத்தது. உன் மாமனாருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் போடச் சொல். இங்கே அம்மா சௌக்கியம். சின்னவள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். ஃபேஷன் டெக்னாலஜியா, பி.காமா என்று தினமும் வீட்டில் ஒரு பஞ்சாயத்து.

அச்சகத்தை மூடிவிட்டார்கள், இத்தனை வருஷம் கணக்கெழுதிய இடம் இனி இல்லை என்று நீ எழுதியதைப் படித்ததும் மனசு ஆறவில்லை. அதற்குக் கீழேயே, "நீ பனியன் தொழிலுக்கு இணையத்தில் பட்டியல் தளம் நடத்துகிற மாதிரி நான் சிவகாசி அச்சகங்களுக்கு ஒன்று செய்ய முடியுமா, எனக்குக் கணக்கு எழுதுகிற டேலியை விட்டால் ஒன்றும் தெரியாதே" என்று கேட்டிருக்கிறாய். முடியும்டி. எக்செல்லில் ஒரு வரிசையை வடிகட்டத் தெரியும் அல்லவா? தொடங்க அது போதும். ஆனால் எதில் உழைக்க வேண்டும், எதில் நேரத்தை விடக் கூடாது என்பது முக்கியம். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பனியன் கம்பெனியில் ஆர்டர் வேலைகளைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசராக இருந்தபோது என் போனுக்கு ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் வருகிற அழைப்புகள் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். "அக்கா, ரிப் ஓட்ட 24 கேஜ் மெஷின் எங்க காலியா இருக்கு?" "ஓபன் விட்த் காம்பேக்டிங் மங்கலம் ரோட்டுப் பக்கம் யாரு பண்றாங்க?" கேஜ் என்றால் ஒரு அங்குலத்துக்கு எத்தனை ஊசி என்பது; காம்பேக்டிங் என்றால் துணி பின்னால் சுருங்காமல் இருக்கச் செய்கிற வேலை. கூகுள் மேப்பில் நிட்டிங் என்று தேடினால் நூற்றுக்கணக்கில் புள்ளிகள் வரும். எந்த ஷெட்டில் என்ன டயா (வட்ட மெஷினின் விட்டம்) ஓடுகிறது என்று ஒன்றும் சொல்லாது. பக்கத் தையல் இல்லாத பனியனுக்கு உடம்பு அளவுக்குப் பொருந்துகிற டயாவிலேயே துணி ஓட்ட வேண்டும். அளவுக்கு ஒரு டயா. அது இல்லாத ஷெட்டின் முகவரி கையில் இருந்து என்ன பயன்? ஆகவே என் ஷீட்டில் பெயர், முகவரிக்குப் பக்கத்தில் டயா, கேஜ், என்ன துணி ஓட்டுவார்கள், குறைந்தபட்சம் எத்தனை கிலோ எடுப்பார்கள், ஆட்டோ ஸ்ட்ரைப் (நூல் கலரை மாற்றிக் கோடு போடுகிற வசதி) உண்டா என்று கட்டங்கள் போட்டேன். ஒவ்வொரு ஷெட்டாகப் போய், மெஷின் தகட்டில் பொறித்திருப்பதைப் பார்த்து எழுதிக்கொண்டேன். முதலாளி வாய்ச்சொல்லாகச் சொல்வதும் தகட்டில் இருப்பதும் சில இடங்களில் வேறுபடும்.

என் பட்டியலுக்கு ஆள் வருவது அந்தக் கட்டங்களுக்காகத்தான். ஆகவே நீ முதலில் இணையதளத்தைப் பற்றி யோசிக்காதே. சிவகாசிக்கு வேலை கொண்டுவருகிறவன் போனில் என்ன கேட்பான் என்று எழுது. டபுள் டெமி அளவுத் தாள் ஓட்டுகிற நாலு கலர் மெஷின் இருக்கிறதா, ஸ்பாட் யு.வி. பளபளப்பு உள்ளேயே செய்வீர்களா வெளியே கொடுப்பீர்களா, டை பஞ்சிங், ஃபாயில், லேமினேஷன், பெர்ஃபெக்ட் பைண்டிங், ஐநூறு பிரதி என்றால் எடுப்பீர்களா, ஜி.எஸ்.டி. பில் உண்டா. இது உனக்கு மனப்பாடம். வெளியூர்க்காரன் இதைக் கண்டுபிடிக்க ரெண்டு நாள் சிவகாசியில் ரூம் போட்டு அலைய வேண்டும்.

மொத்த அச்சுத் தொழிலையும் ஒரேயடியாக எடுத்துக்கொள்ளாதே. எல்லாக் கடைக்கும் பட்டியல் போட 1996-லேயே வி.எஸ்.எஸ். மணி ஜஸ்ட் டயலைத் தொடங்கிவிட்டார். அவ்வளவு பெரிய கம்பெனியோடு அகலத்தில் போட்டி போட முடியாது. அட்டைப்பெட்டி செய்கிறவர்களை மட்டும் எடு. மிட்டாய்க் கடை, ஊதுபத்தி, சோப்பு, சித்த மருந்து என்று சின்னதாகத் தொழில் நடத்துகிற எல்லாருக்கும் பெட்டி வேண்டும், அவர்களில் முக்கால்வாசிப் பேருக்குச் சிவகாசியில் ஆள் தெரியாது. காலண்டரும் நல்லதுதான், ஆனால் ஆடிப்பெருக்கன்று மாதிரி ஆல்பம் வெளியிட்டு, தீபாவளி, பொங்கலோடு அந்த ஓட்டம் அடங்கிவிடும். பெட்டிக்கு வருஷம் முழுக்க ஆர்டர் உண்டு. உன் மைத்துனர் சொன்ன பட்டாசுக் கடைப் பட்டியல் வேண்டாம். இணைய வணிகத் தளங்கள் வழியாகப் பட்டாசு விற்கக் கூடாது என்று 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வெறும் பட்டியல்தானே என்று நீ நினைக்கலாம். பட்டியலிலிருந்து ஆர்டருக்கு ஒரு அடிதான். ஆன்லைன் பட்டாசு என்ற பெயரில் மோசடியும் நிறைய நடக்கிறது. உன் பெயரை அதில் கொண்டுபோய்ச் சிக்க வைக்காதே.

இனி கோடிங் விஷயம். கூகுள் ஷீட்டில் தொடங்கு. பீட்டர் லெவல்ஸ் என்ற டச்சுக்காரர் 2014-ல், ஊர் ஊராகப் போய் லேப்டாப்பில் வேலை செய்கிறவர்களுக்காக, எந்த நகரத்தில் என்ன செலவு, இணைய வேகம் எப்படி என்று ஒரு ஷீட்டைத் திறந்துவைத்து ட்விட்டரில் போட்டார். முன்பின் தெரியாதவர்களே வந்து அதை நிரப்பினார்கள். நோமட் லிஸ்ட் என்ற பெரிய தளம் அதிலிருந்து வந்ததுதான். அவருக்குக் கோடிங் தெரியும். இருந்தும் ஷீட்டைத்தான் முதலில் வெளியே விட்டார். யாருக்காவது இது வேண்டுமா என்பது அதிலேயே தெரிந்துவிட்டது. நீயும் முதலில் ஷீட்டின் லிங்க்கை உனக்குத் தெரிந்த ஏஜென்டுகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு. திரும்பக் கூப்பிட்டு "இதில் ஃபாயில் விவரம் இல்லையே" என்று குறை சொல்கிறார்களா பார். குறை வந்தால் பயன்படுத்துகிறார்கள் என்று அர்த்தம்.

அதன்பிறகு, கோடு எழுதாமல் இணையதளம் கட்ட உதவுகிற வேர்ட்பிரஸ். டைரக்டரிக்கென்றே ஜியோடைரக்டரி, ஹைவ்பிரஸ் என்று அதோடு சேர்த்துக்கொள்கிற பிளகின்கள் இருக்கின்றன. நான் ஜியோடைரக்டரி வைத்திருக்கிறேன். ஷீட்டை சி.எஸ்.வி. கோப்பாக இறக்கி அதில் ஏற்றினால் ஒவ்வொரு வரிசையும் தனிப் பக்கமாகிவிடும், நீ போட்ட கட்டங்களைத் தேடும் வடிகட்டிகளாகவும் அமைத்துக்கொள்ளலாம். ஷீட்டிலிருந்து நேராக ஆப் செய்துதரும் கிளைடு மாதிரி வசதிகள் இதைவிடச் சுலபம்; ஆனால் கூகுளில் தேடுகிறவன் கண்ணில் பட வேண்டும் என்றால் தனித்தனிப் பக்கம் உள்ள தளம்தான் சரி. டொமைன் பெயர், ஹோஸ்டிங் இரண்டுக்கும் வருஷத்துக்கு ஒரு தடவை கட்டினால் போதும். புதிதாகச் சேர விரும்புகிறவர்களுக்கு ஒரு கூகுள் ஃபார்ம். நிரப்பியது நேராக ஷீட்டில் வந்து விழும். நீ போன் போட்டுச் சரிபார்த்த பிறகே தளத்தில் ஏற்று. பணம் வாங்க ரேசர்பேயில் ஒரு பேமென்ட் பக்கம் செய்துகொள்ளலாம், அதற்கும் கோடு எழுத வேண்டாம், பான் கார்டு, வங்கிக் கணக்கு மாதிரி விவரங்கள் கேட்பார்கள்.

ஊர் பெயரை மட்டும் மாற்றி ஒரே பக்கத்தை ஆயிரம் தடவை போட்டுத் தருகிறேன் என்று யாராவது வருவார்கள். ஏற்காதே. அப்படி மொத்தமாகத் தயாரித்த பக்கங்களைக் குப்பையாகக் கணக்கிடுவோம் என்று 2024 மார்ச்சில் கூகுள் விதியே போட்டுவிட்டது. நாற்பது அச்சகம், நாற்பதும் நீ நேரில் பார்த்தது என்றால் அதற்கு இருக்கிற மதிப்பே வேறு. அடுத்தவர் தளத்திலிருந்து போன் நம்பரை அள்ளிப் போடுவதும் வேண்டாம். முதலாளியிடம் கேட்டு, சரி என்றால் போடு. 2023-லேயே தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. சட்டத்தை விடு, ஊருக்குள் நாம் முகம் பார்த்துப் பழக வேண்டியவர்கள்.

லாபம் எங்கிருந்து வரும் என்று நீ கேட்கவில்லை, கூச்சமாக இருந்திருக்கும். நானே சொல்கிறேன். பட்டியலில் சேர்ப்பது எப்போதும் இலவசமாகவே இருக்கட்டும், இல்லாவிட்டால் பட்டியல் நிறையாது. போட்டோ, வீடியோ, மாதிரிப் பெட்டிகள், வாட்ஸ்அப் பொத்தான் என்று விரிவான பக்கம் வேண்டுபவர்களிடம் வருஷக் கட்டணம் வாங்கு. நான் 3,000 ரூபாய் வாங்குகிறேன். ஒரு ஆர்டர் கிடைத்தால் அந்தக் காசு வந்துவிடும் என்று அவர்களுக்கே தெரியும். ஆர்டருக்கு இத்தனை சதவீதம் என்று மட்டும் போகாதே. பேச்செல்லாம் போனில் முடிகிற தொழிலில் எந்த ஆர்டர் உன்னால் வந்தது என்று யார் கணக்குக் காட்டுவார்கள்?

எனக்கு நல்ல வருமானம் வந்தது நான் நினைத்தே பார்க்காத ஒரு மூலையிலிருந்து: பழைய மெஷின் விற்கிறவர்கள். நிட்டிங் ஷெட்டுக்காரர்கள் தினமும் வந்து பார்க்கிற இடம் என்று ஆனதும், ஊசி, ஆயில் விற்கிறவர்களும் சர்வீஸ் மெக்கானிக்குகளும் விளம்பரம் கேட்டு வந்தார்கள். உனக்கும் பழைய ஆஃப்செட் மெஷின், இங்க், பிளேட், மெஷினுக்கான ரப்பர் பிளாங்கெட் விற்கிறவர்கள் வருவார்கள். கூகுள் விளம்பரத்தை நம்பாதே. இவ்வளவு சின்ன வட்டத்துக்கு அதில் டீச்செலவு தேறினால் பெரிசு. எனக்கு இப்போது செலவு போக, கம்பெனியில் கடைசியாக வாங்கிய சம்பளத்தைத் தொடுகிற அளவுக்கு வருகிறது. இந்த அளவுக்கு வந்து சேர மூன்றாவது வருஷம் ஆயிற்று, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். அதனால் வேறு கணக்கு வேலை கிடைத்தால் விடாதே. அரை நாள் வேலையாக இருந்தாலும் பிடித்துக்கொள்.

காசு கொடுத்தவர் பக்கத்தில் "விளம்பரம்" என்று தெளிவாகப் போட்டுவிடு. வடிகட்டித் தேடும்போது காசு கொடுத்தவரும் கொடுக்காதவரும் ஒரே வரிசையில் வர வேண்டும். இதை மாற்றச் சொல்லி இங்கே ஒருவர் நல்ல தொகையே நீட்டினார், நான் சம்மதிக்கவில்லை. இல்லாத மெஷினை இருக்கிறது என்று காட்டி ஒரு பார்ட்டியை அனுப்பிவிட்டால் அவர் மறுபடி என் பட்டியலைத் திறக்கவே மாட்டார்.

அன்றாட வேலை என்று பார்த்தால் போன்தான். ஒவ்வொரு அச்சகத்துக்கும் "கடைசியாகச் சரிபார்த்த தேதி" என்று ஒரு கட்டம் வை, அதைப் படிப்பவர்களுக்கும் காட்டு. தேதி பழசானவர்களை வாரத்துக்குக் கொஞ்சம் பேராகக் கூப்பிட்டுக் கேள்: மெஷினை விற்றுவிட்டார்களா, ஷெட் மாறினார்களா. இப்போது எதைக் கேட்டாலும் சாட்ஜிபிடி சொல்லிவிடுகிறதே, நம் பட்டியல் எதற்கு என்று என் பெரியவள் கேட்டாள். போன வாரம் எந்த ஷெட்டில் எந்த மெஷின் கைமாறியது என்பது எங்கேயும் எழுதப்படாத சேதி. போய்ப் பார்க்கிறவளுக்குத்தான் அது கிடைக்கும், உன் ஊரில் அது நீதான்.

இப்போதைக்கு நீ செய்ய வேண்டியது: ஷீட் ஒன்று திறந்து, பெட்டி செய்கிற பத்து இடங்களை மட்டும் நிரப்பி, என் மெயிலுக்குப் பகிர்ந்துவிடு. கட்டங்களின் தலைப்பைப் பார்த்து என் யோசனையைப் பக்கத்திலேயே எழுதுகிறேன். ஆடி பிறந்தால் அச்சகக்காரர்களுக்கு உன்னோடு பேச நேரம் இருக்காது, அதற்குள் ஒரு சுற்று போய்விட்டு வந்துவிடு. வேர்ட்பிரஸ் ஏற்றுகிற வேலையை போனில் விளக்கினால் குழப்பம்தான் வரும். ஆனி கடைசியில் ரெண்டு நாள் வருகிறேன், உட்கார்ந்து முடித்துவிடலாம். வரும்போது மாமனாருக்கு நல்ல காட்டன் பனியன் எடுத்து வருகிறேன், அளவு எழுது.

அன்புடன்,
உமா